இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில்

பட்டறைப் பதில்கள்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் என் பட்டறை இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே மேட்டுக்குக் கிளம்பும் ஜீப் சத்தத்தில்தான் முப்பது வருஷமாகக் கண் விழிக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்: பழைய வண்டியில் புது இன்ஜின். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, அப்பா எனக்கு விட்டுப்போனது 1964 மாடல் சி.ஜே.3பி ஜீப். பெட்ரோல் இன்ஜின் பிளாக் வெடித்துவிட்டது. காயலான் கடையில் பொலிரோ டீசல் இன்ஜின் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. “நடுவுல ஒரு பிளேட் போட்டுப் பூட்டிடலாம், மூணு நாள் வேலை” என்கிறார் மெக்கானிக். அந்தப் பிளேட் மட்டும் போதுமா? வேறு என்ன வாங்க வேண்டும்?
வாசகர், கம்பம்

பதில்: போதாது தம்பி. அந்தப் பிளேட்டைச் சரியாகச் செய்வதற்கே மூன்று நாள் ஆகும்.

உங்கள் ஜீப்பில் இருப்பது வில்லிஸ் ஹரிக்கேன் இன்ஜின், 2.2 லிட்டர். அதன் பின்னால் டி-90 என்கிற மூன்று கியர் பாக்ஸ், அதற்கும் பின்னால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பிறந்தவை. பொலிரோ இன்ஜினின் பின்முகத்தில் போல்ட் துளைகள் வேறு இடத்தில் இருக்கும். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் முனை வேறு அளவு, ஸ்டார்ட்டர் வேறு பக்கம்கூட வரலாம். இந்த வித்தியாசம் அத்தனையையும் அடாப்டர் பிளேட்தான் சரிக்கட்ட வேண்டும். ஒரு முகத்தில் இன்ஜினின் துளைகள், மறு முகத்தில் பெல் ஹவுசிங்கின் துளைகள், அதாவது கிளட்ச்சை மூடி கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் மணி வடிவக் கூட்டின் துளைகள். பார்க்க எளிய சாமான். ஆனால் துளைகள் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

போல்ட் எதையும் மையத்துக்குக் கொண்டுவராது. இறுக்கிப் பிடிக்கத்தான் அதற்குத் தெரியும். 10 மில்லி போல்ட்டுக்கு 11 மில்லி துளை போட்டிருந்தால், அந்த ஒரு மில்லி இடைவெளிக்குள் கியர் பாக்ஸ் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்து உட்காரும். மையம் பிடித்துக் கொடுப்பது டோவல் பின் என்கிற மரையில்லாத உருட்டு முளை. இன்ஜினுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இரண்டு, பிளேட்டுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் இரண்டு. தட்டினால்தான் இறங்க வேண்டும், அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்.

டோவல் போட்டபிறகு, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைக்க வேண்டும். கிராங்க் முனையில் பூட்டியிருக்கும் கனத்த சக்கரமான பிளைவீலில் காந்த ஸ்டாண்டை ஒட்டி, டயலின் முனையை பெல் ஹவுசிங்கின் நடுத்துளைச் சுவரில் தொடவைத்து, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முள் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை ஆடும் மொத்த அளவு 5 தௌவுக்குள் இருக்க வேண்டும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 5 தௌ மில்லி கணக்கில் 0.127. மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல், அதனால் இரண்டு மையங்களும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் விலகியிருக்கலாம். இந்த அளவை எடுத்துக் காட்டச் சொல்லி உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். டயல் கேஜ் பட்டறையில் இல்லை என்றால், கொண்டுவரும்வரை பெல் ஹவுசிங்கைப் பூட்டவிடாதீர்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கூடலூர்ப் பக்கத்து ஜீப் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வேறொரு பட்டறையில் டீசல் இன்ஜின் மாற்றி நான்கே மாதம். கம்பம் மெட்டு ஏற்றத்தில், வளைவில், தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நிறைந்திருக்கும்போது கிளட்ச் பிளேட்டில் கியர் பாக்ஸ் தண்டு நுழையும் நடுக்குடம் பிய்ந்துவிட்டது. இழுவை போய் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. டிரைவர் தம்பி பதறாமல் மலைப்பக்கம் ஒடித்து ஓடையில் இறக்கியதால் ஆளுக்கொரு சிராய்ப்போடு போயிற்று. நான் கழற்றிப் பார்த்தேன். அடாப்டர் பிளேட்டில் டோவல் ஒன்றுகூட இல்லை. காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்செடுத்து, கை டிரில்லில் துளை போட்டிருந்தார்கள். டயல் 38 தௌ காட்டியது. கிராங்க் முனையில் இருந்த வெண்கலப் புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. கிளட்ச் பிளேட்டின் குடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்திருக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்றால் இரண்டாயிரம் தடவை. எந்த இரும்பு தாங்கும்? “முதல் நாள்லயிருந்தே கியர் கொஞ்சம் கஷ்டமாத்தான் விழுந்துச்சுண்ணே, புது கிளட்ச்சு பழகிடும்னு சொன்னாங்க” என்றார் அந்தத் தம்பி. மையம் விலகினால் முதலில் தெரிவது இதுதான். பெடலை முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று விழுந்தால், பழகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, பிளேட் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டின் தடிமன் 18 மில்லி என்றால் கியர் பாக்ஸும் 18 மில்லி பின்னால் போய்விடும். கியர் பாக்ஸின் உள்வரும் தண்டின் மூக்கு கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ்ஷுக்குள் உட்கார வேண்டும். இப்போது எட்டாது, அல்லது நுனி மட்டும் தொடும். அதனால் அந்த இன்ஜின் துளைக்கு ஏற்ற வெளியளவும், உங்கள் தண்டுக்கு ஏற்ற உள்ளளவும் கொண்ட நீளமான வெண்கலப் புஷ் ஒன்றைக் கடைந்தாக வேண்டும். இதுதான் இரண்டாவது சாமான். செலவு குறைவு என்பதால் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கிளட்ச் பிளேட். பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் புது இன்ஜினுடையவை, தண்டின் பல்வரிசை பழைய ஜீப்புடையது. பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் அளந்துகொண்டு, அதே குடம் கொண்ட பிளேட்டைக் கடையில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய குடத்தைப் புதுத் தட்டில் ரிவெட் அடித்துத் தருவார்கள். அதை வாங்கியதும் தண்டில் மாட்டித் தள்ளிப் பாருங்கள். சொந்த எடையில் வழுக்கி இறங்க வேண்டும், ஆடக் கூடாது.

நான்காவது, பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பிரஷர் பிளேட்டின் விரல்கள் இப்போது வேறு தூரத்தில் இருப்பதால் பழைய ஃபோர்க் சரியான இடத்தில் தள்ளாது. பேரிங் பிடிக்கும் குழலை நீட்டியோ குறைத்தோ கடைய வேண்டியிருக்கும். ஸ்டார்ட்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அதன் பல் ரிங் கியரில் முழு ஆழம் இறங்குகிறதா என்று பல்லில் நீலம் தடவிச் சுற்றினால் தெரிந்துவிடும்.

இன்ஜினை மூன்று இடத்தில் ரப்பர் புஷ்ஷோடு தாங்குங்கள். மவுண்டிங் பிராக்கெட்டை சேஸ் ரெயிலின் பக்கவாட்டில் பட்டைத்தகடு வைத்து இணையுங்கள், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங் வைக்க வேண்டாம். விரிசல் அங்கேதான் தொடங்கும். இன்ஜினை இறக்குவதற்கு முன்னால், அதன் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பரின் பள்ளம் எங்கே வருகிறது என்று பாருங்கள். உங்கள் ஜீப்பின் முன் டிஃபரன்ஷியல், அதாவது ஆக்ஸிலில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை, வலது பக்கம் தள்ளியிருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது அது மேலே வந்து சேம்பரைத் தொடக் கூடாது. நம் வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டும் வலது பக்கம்தான். புகைக்குழல் அதே பக்கம் வந்தால் சூட்டுக்கும் இடிப்புக்கும் தனியாக ஒரு வளைவு செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, இழுவையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாப்ட். இந்த ஜீப்பின் வீல்பேஸ் வெறும் 80 அங்குலம். பின் ஷாப்ட் ஏற்கெனவே குட்டை. கியர் பாக்ஸ் பின்னால் போகப் போக அது இன்னும் குட்டையாகி, ஜாயிண்ட்டின் சரிவு ஏறும். பின் ஷாப்ட்டைக் குறைத்து, முன் ஷாப்ட்டை நீட்டி, இரண்டையும் பேலன்ஸ் செய்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு வேறு ஒரு வழி சொல்வேன். மஹிந்திராவே பின்னாளில் பூஜோ டீசல் இன்ஜின் போட்டு ஜீப் விற்றது. அப்படி ஒரு டீசல் ஜீப் முழுசாக உடைக்க வந்தால், இன்ஜின், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் நான்கையும் கழற்றாமல் ஒரே கோவையாக வாங்குங்கள். கம்பெனி பிடித்துக்கொடுத்த மையம் அப்படியே இருக்கும். மவுண்டிங், ஷாப்ட், வயரிங் மட்டும் உங்கள் பாடு. இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டிவந்தாலும் லேத் கூலியில் அதை மீட்டுவிடுவீர்கள்.

கேள்வி: அடாப்டர் பிளேட்டை இரும்பில் செய்வதா, அலுமினியத்தில் செய்வதா? எவ்வளவு தடிமன்?
வாசகர், சின்னமனூர்

பதில்: அலுமினியம் என்றால் நல்ல தரமான தகடு 18 முதல் 20 மில்லி. மைல்டு ஸ்டீல் என்றால் 12 மில்லியிலிருந்தே தாங்கும். ஜீப்புக்கு நான் ஸ்டீல்தான் போடுகிறேன், அலுமினியத்தில் மரை போட்டால் இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டுவதற்குள் நைந்துவிடுகிறது. கேஸ் கட்டரில் வெட்டிய தகடு சூட்டில் வளைந்திருக்கும். வெட்டியபிறகு இரண்டு முகத்தையும் சர்பேஸ் கிரைண்டிங் செய்யாமல் மாட்ட வேண்டாம். தடிமன் நாலு மூலையிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் மையம் சரியாக இருந்தும் கியர் பாக்ஸ் சாய்ந்து நிற்கும்.

கேள்வி: அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப்பில் புது வி8 இன்ஜினை ஒரே நாளில் மாட்டுவதை வீடியோவில் பார்த்தேன். எல்லா அடாப்டரும் பெட்டியில் வருகிறது. நம் ஊரில் ஏன் அப்படிக் கிடைப்பதில்லை?
கல்லூரி மாணவர், தேனி

பதில்: நல்ல கேள்வி தம்பி. அவர்கள் மாட்டுவது பெரும்பாலும் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் செய்த எல்.எஸ். வகை வி8 இன்ஜின். 1997இல் கார்வெட் காரில் வந்த எல்.எஸ்.1 அதன் முதல் பிறப்பு. பிறகு லட்சக்கணக்கான பிக்கப்புகளில் அதே குடும்பத்து இன்ஜின் வந்ததால் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிக்கொள்ளும் வண்டி, 1967 முதல் 1972 வரை வந்த சி10 போன்ற பிக்கப். இரண்டும் ஒரே கம்பெனி. பெல் ஹவுசிங் துளைகளில் ஏறக்குறைய எல்லாமே செவர்லேயின் பழைய வி8 ஆன ஸ்மால் பிளாக் இன்ஜினோடு ஒத்துப்போகும். அதனால் நாம் தலையை உடைத்துக்கொள்ளும் அந்தப் பெரிய பிளேட் அவர்களுக்குப் பல நேரம் தேவையே இல்லை.

தேவைப்படுவது சின்னச் சின்னவை. பழைய இன்ஜினின் மவுண்டிங்கில் பக்கத்துக்கு மூன்று போல்ட், புதியதில் நான்கு. நடுவில் ஒரு தகடு வைத்து மூன்றை நான்காக மாற்றுகிறார்கள். புது இன்ஜினின் கிராங்க் முனை பெரும்பாலும் பழையதைவிட 0.4 அங்குலம் உள்ளே தள்ளியிருக்கும், ஏறக்குறைய 10 மில்லி. பழைய கியர் பாக்ஸை வைத்துக்கொள்பவர் அந்த இடைவெளிக்கு ஸ்பேசரோ நீளமான பைலட் புஷ்ஷோ போட வேண்டும். கம்பம் வாசகருக்கு மேலே சொன்ன அதே புஷ்தான். அதுபோக வேறு வடிவ ஆயில் சேம்பர், பழைய கார்புரேட்டர் பம்பைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு அழுத்தம் கொடுக்கும் பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், வயரிங்.

இதெல்லாம் பெட்டியில் வருவதற்குக் காரணம், ஒரே அளவில் லட்சம் வண்டி இருப்பதுதான். ஒரு தடவை அளந்தால் லட்சம் பேருக்கு விற்கலாம். நம் பக்கம் ஜீப்புகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. சேஸை வெட்டி நீளமாக்கியிருப்பார்கள், கியர் பாக்ஸ் மூன்றாவது தடவையாக மாறியிருக்கும், கிராஸ் மெம்பர் எப்போதோ இடம் மாறியிருக்கும். பெட்டியில் வருவதை வாங்கிவந்தாலும் நம் வண்டியில் உட்காராது. ஆனால் அந்த வீடியோக்களில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இன்ஜினை மாட்டும் முன் வெற்று பிளாக்கை இறக்கி, எல்லா இடைவெளியையும் அளந்து எழுதிவிட்டு மறுபடி தூக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தை நானும் என் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப்பில் பழைய ஆயில் பிரஷர் மீட்டரை இணைக்க ஒரு பித்தளை அடாப்டர் வாங்கினேன். எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் ஒழுகுகிறது. இரண்டு அடாப்டர் மாற்றியாயிற்று.
வாசகர், நெடுங்கண்டம்

பதில்: டேப்பை நிறுத்துங்கள் சார். மரை தப்பு.

மூன்று மரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்க அளவில் வந்த பழைய ஜீப் சென்சாரில் இருப்பது எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. என்கிற அமெரிக்கக் குழாய் மரை, அங்குலத்துக்கு 27 சுற்று. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் எட்டில் ஒன்று என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. புது இன்ஜின் பிளாக்கில் பெரும்பாலும் எம்10 என்கிற 10 மில்லி மெட்ரிக் மரை, சுற்றுக்குச் சுற்று ஒரு மில்லி இடைவெளி. விட்டமும் மூன்றுக்கும் 10 மில்லியை ஒட்டித்தான். அதனால் தப்பான மரையும் இரண்டு சுற்று சுகமாக ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். “ஆஹா, பிடித்துவிட்டது” என்று ஸ்பானரைப் போட்டு இன்னும் அரைச் சுற்று கொடுப்போம். பித்தளை மரை நசுங்கி உட்கார்ந்துவிடும், அதன் ஓரமாக ஆயிலுக்கு ஒரு சுருள் பாதை கிடைத்துவிடும். உங்கள் அடாப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் இரண்டு சுற்று கூர்மையாகவும் மூன்றாவது மழுங்கியும் இருக்கும்.

மரைச் சுற்றுகளின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மரைமேல் வைத்தால் வெளிச்சம் இடையில் தெரியக் கூடாது. பிளாக் பக்கம் எம்10 என்றால் அது நேர் மரை, டேப்பால் அடைபடாது, செம்பு வாஷர்தான் அடைக்கும். சென்சார் பக்கம் என்.பி.டி. என்றால் அது சரிவு மரை, அங்கே மட்டும் கொஞ்சம் சீலன்ட். ஒரு முனை எம்10, மறு முனை என்.பி.டி. என்று லேத்தில் கடைந்து வாங்கலாம், பத்து நிமிஷ வேலை. ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரை வழியாகத்தான் எர்த். டேப்பை வண்டி வண்டியாகச் சுற்றினால் மீட்டர் முள் தப்பாகக் காட்டவும் செய்யும்.

இன்னொன்று. அந்தக் கனமான சென்சாரைப் பித்தளை அடாப்டரின் நுனியில் தொங்கவிடாதீர்கள். டீசல் அதிர்வில் ஆடி ஆடி ஒருநாள் அடாப்டர் கழுத்தோடு முறியும். அந்தத் துளை வழியாக மொத்த ஆயிலும் போக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பிளாக்கிலிருந்து சின்ன ஹோஸ் எடுத்து, சென்சாரை ஃபயர்வாலில் பிராக்கெட் வைத்துப் பொருத்துங்கள். அப்போது எர்த்துக்குத் தனி வயர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா ஓட்டிய ஃபார்கோ லாரி மாந்தோப்பில் நிற்கிறது. பெர்கின்ஸ் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துவிட்டது. விழாக்களுக்கு மட்டும் ஓட்ட ஆசை. பெரிய வண்டி என்பதால் அடாப்டர் வேலை இன்னும் கஷ்டமா?
வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: லாரியில் ஒரு விதத்தில் சுலபம். பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் பிளைவீல் ஹவுசிங்குக்கு எஸ்.ஏ.இ. நம்பர் உண்டு, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு அது. 3ஆம் நம்பர் என்றால் உட்காரும் துளை 409.6 மில்லி, 12 போல்ட், அவை நிற்கும் வட்டம் 428.6 மில்லி. 2ஆம் நம்பர் என்றால் துளை 447.7, வட்டம் 466.7, அதற்கும் 12 போல்ட். ஜெனரேட்டர் செட்டிலிருந்து வந்த இன்ஜினானாலும் நம்பர் ஒன்றானால் ஹவுசிங் முகம் ஒன்றே. உதடுபோல் நீட்டியிருக்கும் விளிம்பு துளைக்குள் இறங்கி மையத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். ஒரு டேப்பும் பெரிய வெர்னியரும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய், கியர் பாக்ஸ் முகத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த நம்பரோடு இன்ஜின் தேடுங்கள். பிளைவீலும் கிளட்ச் அளவும் தனியாகப் பொருந்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு வாரம் ஊறவிடுங்கள். நின்று நின்று பிடித்த இன்ஜின்கள் இப்படி விட்டுக்கொடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தாத்தாவின் லாரி தாத்தா கேட்ட சத்தத்தோடு ஓடுவது பெரிய விஷயம். அது முடியாதபோது மாற்று இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் ஜீப். பெட்ரோல் என்று ஆர்.சி.யில் இருக்கிறது. டீசல் மாற்றி ஓட்டினால் குமுளி செக்போஸ்ட்டில் பிரச்சினை வருமா? “எல்லாரும் ஓட்டுறாங்க” என்கிறார்கள்.
வாசகர், குமுளி

பதில்: வரும், வர வேண்டியதும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. இதை அழுத்தமாக நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2019 ஜனவரி 9இல் வந்தது. அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அதே வருஷம் திருத்திய சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்ஜின் வாங்குவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்ஜினுக்கு ரசீது, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம், இரண்டும் கையில் இருக்கட்டும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் உள்ள ஹரிக்கேன் இன்ஜினின் சிலிண்டரையே கடைந்து போர் செய்து, புது பிஸ்டன் போட்டு எடுங்கள். ஆள் ஏற்றும் ஜீப் என்றால் நான் இதில் விட்டுக்கொடுத்துப் பேசவே மாட்டேன். ஏதாவது நடந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்ஜின் நம்பரைப் பார்த்துக் கையை விரித்தால், பின்னால் உட்கார்ந்திருந்த கூலிக்காரப் பெண்ணின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி: டீசலுக்கு மாற்றியபின் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே இன்ஜின் கதறுகிறது. இன்னும் பெரிய இன்ஜின் போட்டால் சரியாகுமா?
வாசகர், தேவாரம்

பதில்: ஆகாது. குற்றம் இன்ஜினில் இல்லை. சி.ஜே.3பி ஆக்ஸிலின் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாப்ட் 5.38 சுற்று சுற்றும். பழைய 6.00-16 டயரோடு கணக்குப் போட்டால் 60இல் இன்ஜின் ஏறக்குறைய 2,450 சுற்று சுற்றும். பெட்ரோலுக்கு அது சாதாரணம், அந்தக் காலத்து டீசலுக்கு அது அதிகம். ஆக்ஸிலுக்குள் 4.88 விகிதப் பல்சக்கர ஜோடி, அதாவது கிரவுன் பினியன், போட்டால் அதே வேகத்துக்கு 2,220 போதும். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பெரிய இன்ஜின் ஆசையை விடுங்கள். ஹரிக்கேன் கொடுத்தது சுமார் 155 நியூட்டன் மீட்டர் இழுவை. 2009 ஸ்கார்ப்பியோவின் எம்ஹாக் டீசல் இன்ஜின் கொடுப்பது 290. அதை டி-90 கியர் பாக்ஸுக்குள் அனுப்பினால் பல் உதிரும்.

கேள்வி: என் ஜீப்பில் முன்பே பிரேக் பூஸ்டர் பொருத்தியிருந்தோம். பெட்ரோல் இன்ஜினில் நன்றாகப் பிடித்தது. டீசல் மாற்றிய நாளிலிருந்து பெடல் கல்லாக இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் மாற்றியும் சரியாகவில்லை. வாரம் ஆறு நாள் போடிமெட்டு ஏறி இறங்குகிறேன்.
வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஐயா, இந்த இதழ் கைக்கு வந்ததும் மெட்டு இறங்குவதை நிறுத்திவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

மிதிக்கும் காலுக்குத் துணையாகத் தள்ளும் பூஸ்டர் வேலை செய்வது வேக்குவத்தில், அதாவது காற்று உறிஞ்சலில். பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைக்கும் தகடான திராட்டில் மூடியிருக்கும்போது காற்றுக்குழாயில் தானாக வேக்குவம் உண்டாகும், 18 முதல் 20 அங்குலம் பாதரச அளவுக்கு. டீசலில் அப்படி மூடும் திராட்டில் கிடையாது. பழைய ஹோஸை டீசலின் காற்றுக்குழாயில் மாட்டியிருந்தால் அதில் ஒன்றும் வராது. பூஸ்டர் வெறும் சுமையாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது, பூஸ்டரே இல்லாத ஜீப்பைவிட உங்கள் பெடல் கல்லாக இருப்பது அதனால்தான். மாஸ்டர் சிலிண்டர் பாவம், அதன்மேல் தப்பில்லை.

உங்களுக்கு வேண்டியது பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள டீசல் ஆல்டர்னேட்டர். அந்தப் பம்புக்கு இன்ஜின் பிளாக்கிலிருந்து ஆயில் போக ஒரு சின்ன லைன், ஆயில் சேம்பருக்குத் திரும்ப அதைவிடப் பெரிய லைன். திரும்பும் லைன் எங்கும் மேலேறாமல் சரிந்தே வர வேண்டும். பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போவது வேக்குவம் ஹோஸாகவே இருக்கட்டும். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் போட்டால் உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒருவழி வால்வு, அம்புக்குறி பம்பைப் பார்த்து.

மாட்டி முடித்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கல்லாகும்வரை. பிறகு மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்த சில நொடியில் கால் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. இறங்காவிட்டால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகாமல், சமவெளிச் சாலையிலேயே மெதுவாக என்னிடம் ஓட்டி வாருங்கள்.